வெள்ளிப் பொடிக்கு அடியில்: விருதுநகரில் இரண்டு நிமோனியா

விருதுநகருக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்குப் போகவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. திருத்தங்கலில் இருக்கும் அக்காவுக்கு ஃப்ளூ வந்து நிமோனியாவாகி, விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அத்தான் போன் செய்தார். இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கரிசல் காடும் வேலிக்கருவையும் வெளிறிய வெயிலில் மிதந்து பின்னால் போயின. மனதில் பயம்தான். ஆனாலும் கண் சொருகியபோது, அக்கா என்னைச் சைக்கிளில் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டே போவது போலிருந்தது, ஊரே வராமல்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய் ஆனது. "பட்டாசு சீசன்ல யாரு சார் காய்ச்சலுக்கெல்லாம் லீவு போடுறாக?" என்றார் ஓட்டுநர், நான் கேட்காமலே.

அக்கா ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் சிரித்தாள். அவளுக்கு வந்தது எச்1என்1 என்றார் டாக்டரம்மா. "வைரஸே நேரா நுரையீரல்ல இறங்கிருச்சு. எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்துச்சு. இப்ப தெளிஞ்சுட்டு வருது." எனக்கு உயிர் வந்தது.

பக்கத்து ஸ்டூலில் அத்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. நகமெல்லாம் அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக மின்னியது. போன வாரம் அவருக்கும் காய்ச்சலாம். விட்டுவிட்டது என்று மறுபடி வேலைக்குப் போயிருக்கிறார்.

"ஆர்டர்... நிக்குதுல்ல மாப்ள," என்று சொல்லி இருமினார். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார். பொடி தொண்டையை அறுத்தால் வெல்லம் தின்பது அங்கே வழக்கம். களைப்பில் விட்டு விட்டுப் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா மாஸ்க்கைத் தூக்கினாள். "பொடி இருமலுக்கு நெஞ்சைப் பிடிக்க மாட்டீகளே. காலைலருந்து பிடிச்சுக்கிட்டுல்ல இருமுறீக."

"சும்மா இரு. ஒனக்குத்தான் முடியல."

"டாக்டரைக் கூப்பிடுலே," என்றாள் என்னிடம்.

ஆக்சிஜன் அளவு பார்க்க அத்தான் விரலில் கிளிப் மாட்ட வந்த நர்ஸ், பஞ்சால் நகத்தைத் துடைத்தார். வெள்ளி போனதும் அடியில் நகம் நீலம் பாரித்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் அத்தானை ஸ்டூலில் உட்கார விடவில்லை.

அவருக்கு வந்தது இன்ஃப்ளூயன்ஸா பி. ஒரே வீட்டில் வேறு வேறு ஃப்ளூவா என்று கேட்டேன். அக்காவுக்கு வேலை அச்சு பிரஸ்ஸில், அத்தானுக்குப் பட்டாசுக் கம்பெனியில். காய்ச்சலை ஒட்டவைத்த ஆட்கள் வேறு என்றார் டாக்டரம்மா. "பி-ன்னா லேசுன்னு நெனச்சுக்குவாங்க. அப்படியெல்லாம் இல்ல. இவருக்கு வைரஸ் நெஞ்சைப் புண்ணாக்கிட்டுப் போச்சு, பின்னாடியே பாக்டீரியா புகுந்திருச்சு. வலப்பக்கம் கீழ முழுக்கச் சளி கட்டிருக்கு."

அந்த வாரம் முழுவதும் எங்கே சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று சரியாக நினைவில்லை. அத்தானை வைத்திருந்த தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மட்டும் நினைவிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்து நீங்கள் போக நேர்ந்தால், டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன்: ஃப்ளூவில் மூச்சு வாங்கினால் அன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தால் அதைவிட அவசரம். நகத்தில் பொடியோ மருதாணியோ இருந்தால் துடைத்து, நீலம் பாரித்திருக்கிறதா என்று பாருங்கள். என் பங்குக்கு ஒன்று: கட்டிலில் இருப்பவரைப் பார்த்த கையோடு, துணைக்கு உட்கார்ந்திருப்பவரையும் ஒருமுறை பாருங்கள்.

நான் கிளம்பிய அன்று கட்டிலில் அத்தான், ஸ்டூலில் அக்கா. "வெல்லம் இருந்தா கொஞ்சம் தாயேன்," என்றார் அவர். அவள் அவர் கையை மடியில் வைத்து, நகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சிவப்பாக இருந்தன.