ஊதினால் போச்சு குளவி

இலைக்குள் ஒளிந்திருக்கும் புழுவைத் தின்று வளரும் குளவிக்குப் பெயர் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். அதைக் கேட்டவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பது கூடுதல் வேலை. மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்துப் பிடித்துப்போன சக பாவிகளே, உங்களுக்காவது புரியும்.

டின்னுக்குள் யார்?

ஐந்தாம் பாரம் பரீட்சை முடிவு வரும்வரை ஈப்போவில் ஒரு விவசாய ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. புழு குடைந்து வெள்ளைக் கிறுக்கல் விழுந்த இலைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்போம். உள்ளே இருக்கும் புழு பிழைத்தால் ஈ வரும். குளவி அதைத் தின்றிருந்தால் குளவி வரும். ஓடாதீர்கள், இது கொட்டாது. எள்ளில் பாதிகூட இல்லை. பாதத்தில் எத்தனை கணு என்று எண்ணித்தான் வகை சொல்லவேண்டும். நாலு என்றால் நம்ம ஆள்.

முதல் நாளே கதவுக்கு வெளியே நின்று, எங்கள் அதிகாரி மலாய்க்கார டாக்டரின் மூக்குக் குரலில், "மேரி! மானா ரிப்போட்?" என்று ரிப்போர்ட் எங்கே என்று மலாயில் அதட்டினேன். இருபது வருடமாகக் குளவி எண்ணும் மேரி அக்கா துள்ளி எழுந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

"நல்லாத்தான்டி பேசுற. குளவி முன்னாடி மட்டும் வாயத் தொறந்துடாத."

சனிக்கிழமை கெடு

குனோங் ராபாட்டில் பயித்தங்காய் போட்டிருக்கும் ரத்தினம் அண்ணன் ஒரு கூடை இலையோடு வந்தார். ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். எஸ்டேட் வீடு கட்ட விலைபோனதும் காய்கறிக்கு மாறியவர். போன தடவை மூன்று முறை மருந்தடித்தார். குளவி செத்தது, ஈ பெருகியது, கொடி மொத்தமும் காய்ந்தது. இந்தத் தடவையும் போனால் குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான்.

"குளவி நிறைய வந்தா அடிக்காதீங்க, அண்ணே. ஈ நிறைய வந்தா அடிங்க" என்றார் மேரி அக்கா.

"சனிக்கிழம வரைக்கும் பாப்பேன்லா. அப்புறம் பம்ப்பத் தூக்கிருவேன். உஃப்."

அந்த "உஃப்" அவருடைய முற்றுப்புள்ளி. உதட்டைக் குவித்து ஊதித்தான் பேச்சை முடிப்பார்.

அட்டை சுத்தம்

வெள்ளிக்கிழமை, டின்னில் வந்ததையெல்லாம் மேரி அக்கா ஓர் அட்டையில் கொட்டிக் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஈ எத்தனை, குளவி எத்தனை, இன்னும் எண்ணவில்லை. எனக்குப் பொழுது போகவில்லை. ரத்தினம் அண்ணனைப் பேசிப் பார்த்தேன். அப்படியே வந்தது. "உஃப்"பும் வந்தது.

அக்கா திரும்பி வந்து, ஈரத் தூரிகையோடு தரையில் அரைமணி நேரம் தவழ்ந்தார்.

"மூணு கெடச்சிருக்கு. அதுல ஒண்ணு தேயிலத் தூள்."

டாக்டர் பேசுகிறார்

சனிக்கிழமை விடிந்தது. ரத்தினம் அண்ணன் காலையில் தே தண்ணி குடிக்கும் கடைக்கு டெலிபோன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். டாக்டரின் மூக்குக் குரல், சுத்தமான மலாய்: குளவி நிறைய இருக்கிறது, ஒரு வாரம் மருந்தடிக்காதே. பிரமாதமாகப் போனது. கடைசியில் பழக்கம் வந்து கெடுத்தது: "சரிங்களா, அண்ணே?"

மறுமுனையில் ரத்தினம் அண்ணன்:

"தங்கச்சி, நேர்ல வந்து உண்மையச் சொல்லு. பம்ப்ப எறக்கி வச்சிருக்கேன்."

சொந்தக் குரல்

பஸ் ஏறிப் போனேன். "குளவி இருக்கா இல்லியான்னு எங்களுக்கே தெரியாது, அண்ணே. நான் ஊதிட்டேன்." என் சொந்தக் குரல் இவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் தெரிந்தது. அவர் கொடியைப் பார்த்தார், பம்ப்பைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி இலை பறிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் முழுக்க அந்த இலை டின் முன்னால் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பத்தாறு குளவி, ஐந்தே ஈ. பாதத்தில் நாலு கணு. மேரி அக்கா இரண்டு தடவை எண்ணினார். ரத்தினம் அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, மைக்ராஸ்கோப் லென்ஸில் குனிந்து, பச்சைப் பொன்னாய் மின்னிய அந்தப் பொடியைப் பார்த்தார். உதடு குவிந்தது. சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"இம்புட்டுப் பொடிய நம்பியா ஒரு வாரம் கையக் கட்டிக்கிட்டு இருந்தேன்லா?"

ஈப்போவில் எல்லாருடைய குரலும் எனக்கு வந்துவிட்டது. இந்தக் குளவிதான் இன்னும் வாயைத் திறந்து தொலைக்கவில்லை.