பூசினாப்ல ஒரு முகம்

காலை ஏழே கால் மணி. பஸ்ஸுக்குக் கிளம்பிய மகள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. "அம்மா, தலை வெடிச்சுரும்போல இருக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. சின்ன வயதிலேயே இதயம் மெதுவாகத் துடிக்கிறதென்று பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடையில் அதன் வயர் பழுதானது. அதை உள்ளேயே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றைச் செலுத்தினார்கள். அன்றிலிருந்து அவள் இருமினால்கூட எழுந்து உட்காருபவள் நான். முகம் ஊதத் தொடங்கியதை முதலில் பார்த்ததும் நான்தான். என் பேச்சைக் கேட்கத்தான் ஆளில்லை.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. பூசினாப்ல. ஒல்லிப் பெண்ணுக்குக் கன்னம் வைத்தால், எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. குன்னூர் கடைவீதியில் துணிக்கடைக்காரர் சொன்னார். பால் ஊற்றும் அம்மா சொன்னார். என் கணவரின் அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுபவர், ஒரு படி மேலே போனார்.

"இப்பத்தான் மூஞ்சியில களை வந்திருக்குது. இதே மூஞ்சியோட ஒரு போட்டோ எடு. மேட்டுப்பாளையத்துல ஒரு பையன் இருக்கறான்."

"நங்கையா, இது வீக்கமுங்க. காலையிலதான் அதிகமா இருக்குது, சாயங்காலம் வத்திருது."

"அப்பக் காலையிலயே எடு."

உள்ளூர் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கோவையில் பேஸ்மேக்கரைச் சோதித்தவர், "பேட்டரி சூப்பருங்க, இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார். பேட்டரியைப் பற்றி யார் கேட்டார்கள்? "மெஷின் நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டாங்கள்ல, அப்புறம் என்ன?" என்றார் கணவர். அந்த "அப்புறம் என்ன"வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

அவள் சுவரைப் பிடித்து நின்ற அன்று காலை அவரே ஓடிப்போய் டாக்ஸி பிடித்தார். கோவையில் வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

"தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் இதயத்துக்கு இறங்கற பெரிய குழாய்ங்க இது. வயர் உரசி உரசித் தழும்பு கட்டி அடைச்சுருச்சு. குன்னூர் ரோட்டுல பர்லியார்கிட்ட மண்ணு சரிஞ்சா வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாச் சுத்தி இறங்குதுல்ல? அந்த மாதிரி, ரத்தம் சின்னச் சின்னக் குழாய்ல சுத்தி இறங்குது. நெஞ்சுல பச்சை பச்சையா நரம்பு தெரியுது பாருங்க, அதான் கோத்தகிரி ரோடு."

மகள் சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ரோடு இருக்கட்டுங்க. எப்ப சரி பண்ணுவீங்க?" என்றேன்.

பழைய வயர்கள் இருக்கும்போது, குழாயைத் திறந்து பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைத்தால் அவை குழாய்ச் சுவரோடு நசுங்கிவிடுமாம். அதனால் முதலில் லேசர் கொண்டு தழும்பிலிருந்து அவற்றைப் பிரித்து உருவ வேண்டும். பிறகு அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்து, அதன் வழியாகப் புது வயர் செலுத்த வேண்டும். அதுவரை இதயம் நிற்காமலிருக்கத் தொடை வழியாக ஒரு தற்காலிக வயர். உருவும்போது குழாய் கிழிந்தால்? கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்றவங்க பக்கத்துலயே நிப்பாங்க."



வயரை உருவும் நாளன்று அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நங்கையா பிளாஸ்க்குடன் வந்து சேர்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "டாக்டர்கிட்டச் சொல்லி வெச்சியா? கன்னத்த ரொம்ப வத்த வெச்சுறப் போறாங்க."

"நங்கையா, அது சதையில்லீங்க! இறங்க வழியில்லாம மூஞ்சியில தேங்கி நிக்கற ரத்தமுங்க!"

நான் கத்தியதில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நங்கையா பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மறுபடி இறுக்கினார்.

"எங்கிட்ட யாரு சொன்னா?" என்றார் மெல்ல.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், உட்கார்ந்தேன். ஒரு தடவை வெறும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்போது நங்கையா என் மணிக்கட்டைப் பிடித்தவர், பிறகு விடவே இல்லை.

கடைசியில் டாக்டரே வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது.

"ரெண்டு வயரும் வந்துருச்சுங்க. பழசு ரொம்பத் தகராறு பண்ணுச்சு, ஆனா எங்கயும் கிழியல. ஸ்டென்ட் வெச்சு, புது வயரும் போட்டாச்சு. ரத்தம் நேரா இறங்குது. உங்க பொண்ணு கண்ணு முழிச்சதும், கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதேன்னு சொன்னேன். அப்ப யாரு சடை பின்னுவாங்கன்னு என்னையக் கேக்குது."