காட்டுக்கும் கடலைக்கும் நடுவில்

வனக்காப்பாளர் வேலை என்பது காலையில் ஊர்க்காரர்களிடமும் சாயங்காலம் மேலதிகாரியிடமும் திட்டு வாங்குகிற வேலை. பேங்கிலோ ஆபீசிலோ கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து ஏச்சு வாங்குகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மதுரை ஆரப்பாளையத்தில் முதல் பஸ் பிடித்து எழுமலை போய், அங்கிருந்து ஸ்கூட்டியில் மலையடிவாரம் போவேன். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். எனக்கு மட்டும், இன்றைக்கு என்ன ஆகியிருக்குமோ என்றே மனசு ஓடும்.

ஆடு மேய இடம்

மலையடியில் எங்கள் துறை மரக்கன்று நட்ட முதல் வாரமே பேச்சியம்மாவின் ஆடுகள் உள்ளே புகுந்துவிட்டன. முப்பது ஆடுகள், புருஷன் இல்லாத அவருக்கு அதுதான் சோறு. “கண்மாய்ப் பக்கம் ஓட்டிட்டுப் போங்கக்கா” என்றேன்.

“கண்மாய்ல முள்ளு, ஊருக்குள்ள பிளாட்டு, இங்க நீங்க. ஆட்ட எங்கிட்டுத்தான் பத்துறது, நீங்களே சொல்லுங்க மேடம்.”

சொன்னேன். சின்னச்சாமி அண்ணனின் கடலைக்காட்டு வரப்பை ஒட்டிப் போனால் கிழக்கே ஒரு புல்தரை இருக்கிறது. அதற்கு வழிகாட்டியது நான்தான். அன்றைக்குப் பேச்சியம்மா, “இம்புட்டு நாளா இத வாயத் தொறந்து சொன்னா என்ன?” என்றார்.

உங்க பன்னி

அந்தக் கடலைக்காட்டைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டன. சின்னச்சாமி அண்ணன் பிடுங்கப்பட்டுக் கிடந்த செடிகளை அள்ளிவந்து என் ஸ்கூட்டி சீட்டில் வைத்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நஷ்டஈட்டுக்கு மனு எழுதி வாங்கி மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடியும் பன்றி வந்தது. அவரைத் தூரத்தில் பார்த்தாலே வேறு பாதையில் திரும்பினேன். ஒருநாள் டீக்கடையில் மாட்டிக்கொண்டேன்.

“எங்க ஊரு ஆடு உங்க காட்டுக்குள்ள வந்தா கேசு. உங்க பன்னி என் காட்டுக்குள்ள வந்தா மனு. நல்லா இருக்கு மேடம்.”

மோட்டார் ரூம் கம்பி

ஒரு காலையில் எங்கள் வாட்சர் முருகேசன் போன் செய்தார். “மேடம், சின்னச்சாமி காட்டச் சுத்திக் கம்பி இழுத்திருக்கு. மோட்டார் ரூம்ல இருந்து கரண்டு வருது.”

பேச்சியம்மா ஆடு பத்தும் நேரம் அது. அவரிடம் போனும் கிடையாது. எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றும் நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் வரப்பில் ஏறிவிட்டன. “நில்லுக்கா!” என்று கத்தினேன். மறுபடியும் ஆட்டை விரட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் நடையை எட்டிப் போட்டார். முன்னால் ஓடிய குட்டி ஒன்று கம்பியில் பட்டுத் துள்ளி விழுந்தது. அதைத் தூக்க அவர் பாய்ந்தார். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். என்னை அடித்தார், திமிறினார், நான் விடவில்லை.

சத்தம் கேட்டு சின்னச்சாமி அண்ணன் ஓடிவந்து மோட்டார் ரூமைத் திறந்து கரண்டை நிறுத்தினார். செத்த குட்டியைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னிக்குத்தான் வச்சேன். ஆளு வரும்னு எனக்குத் தோணவே இல்ல மேடம்.”

கையெழுத்து

கேஸ் எழுதினேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு காட்டிலும் கம்பி வரும். பாதை காட்டியது நான்தான் என்பதையும் அதில் எழுதினேன்.  சின்னச்சாமி அண்ணன் பேச்சியம்மாவுக்கு ஒரு பெட்டைக்குட்டி கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாட்சிக் கையெழுத்துக்குப் போனபோது பேச்சியம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பேப்பரை மட்டும் தொடவில்லை.

“நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. நான் தெனமும் அவரு வரப்புலதான நடக்கணும்?”

உயிருக்கு ஆபத்தில்லாத சோலார் வேலி சின்னச்சாமி அண்ணன் காட்டுக்கு வந்துவிட்டது, பன்றிகள் இப்போது பக்கத்துக் காட்டுக்குப் போகின்றன, அந்தக் காட்டுக்காரர் நேற்றுத்தான் என் நம்பரை வாங்கினார்.