ஹேசல் குடித்து முடித்த டப்பா

டப்பாவைத் திறக்கும் முன் ஹேசல் ரட்கின் அதன் தலையில் நகத்தால் மூன்று தட்டுத் தட்டுவார். அதுவும் ரயில் நகர்ந்து, நிலையக் கூரையின் நிழல் பெட்டியை விட்டு விலகிய பிறகுதான். அதுவரை ஜின் டானிக் டப்பா அவருடைய பையில், மழைக்குல்லாய்க்குள் சுருண்டு கிடக்கும். தட்டினால் பொங்காது என்பது அவர் நம்பிக்கை.

"அது ஜின்னு, ஹேசல். பொங்குறதுக்குப் பாலா?" என்று எதிர் இருக்கை ரேமண்ட் வாராவாரம் கேட்பார். பூட்டு, சாவிக் கடைக்காரர். வெள்ளிக்கிழமை மட்டும் சீக்கிரம் கடையடைப்பவர்.

"பொங்கினா உன் சட்டையாலதான் துடைப்பேன். பேசாம சிப்ஸைப் பிரி."

வெள்ளிக்கிழமை மட்டும், ஒரே ஒரு டப்பா. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி செஷண்டில் இறங்குவதற்குள் முடித்துவிடுவார். வாரம் முழுக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்த கைக்கு அது ஓய்வு. எந்தப் பிள்ளைக்கு உருளைக்கிழங்கில் பட்டாணி ஒட்டினால் அழுகை வரும், எந்தப் பிள்ளை மீனைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாரும் அவருக்குக் 'கண்ணு'தான். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையும் கண்ணு, கழிவுக்குழாய் அடைப்பெடுக்க வருகிறவனும் கண்ணு. கோபம் வந்தால் மட்டும் 'ஐயா' என்பார். அவர் வாயில் 'ஐயா' வந்தால் சமையலறையில் பாத்திரச் சத்தம் அடங்கிவிடும்.

சட்டம் என்றால் ஹேசலுக்குப் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. சுரங்க ரயிலில் பீர் டப்பாவை உடைத்த ஒரு வாலிபனிடம், "கண்ணு, இங்க குடிக்கக் கூடாது, மேல போய்க் குடி" என்று சொல்லி, அவன் இறங்கிப் போகும்வரை பக்கத்திலேயே நின்றவர். பேருந்தில் கூடாது, சுரங்கத்தில் கூடாது, அவருடைய வெள்ளிக்கிழமை ரயிலில் கூடும். சிக்கல் என்னவென்றால், லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து செஷண்டுக்கு இரண்டு ரயில்கள். ஒன்று ரயில் நிறுவனம் விடுவது; அதில் குடிக்கலாம். இன்னொன்று நகரப் போக்குவரத்து விடுவது, வேறு ஊர்களைச் சுற்றி அதே செஷண்டுக்கு வந்து சேருவது. அதில் குடிக்கக் கூடாது, திறந்த டப்பாவைக் கையில் வைத்திருக்கவும் கூடாது. ஹேசல் அந்த இரண்டாவது ரயிலின் பக்கமே வெள்ளிக்கிழமையில் தலை வைத்துப் படுக்கமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை ஹாக்னி டவுன்ஸில் அவருடைய ரயில் நின்றுவிட்டது. சிக்னல் கோளாறாம். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். எதிர் மேடையில் செஷண்ட் போகும் ரயில் ஒன்று கதவைத் திறந்து நின்றதும் கூட்டம் அதற்குள் பாய்ந்தது. ஹேசலும் பாய்ந்தார். ஒரு கையில் பை, மறு கையில் அப்போதுதான் தட்டித் திறந்த டப்பா. உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் இருக்கைத் துணியின் நிறத்தைப் பார்த்தார்: நகரப் போக்குவரத்து ரயில். அதற்குள் சீருடைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டார். இளைஞர். தாடி இன்னும் முழுசாக முளைக்கவில்லை.

"மேடம், அதைக் கீழ வைங்க. அடுத்த ஸ்டேஷன்ல கொட்டிடுங்க."

"இதைத் திறந்தது அந்த ரயில்ல, ஐயா. அங்க குத்தமில்ல."

"இது இந்த ரயில், மேடம்."

ஹேசல் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த தன் ரயிலைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, மூச்சு விடாமல், அடிவரைக்கும் குடித்து முடித்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இந்தாங்க. காலி ஆயிடுச்சு."

பெட்டியே சிரித்தது. கூடவே ஏறியிருந்த ரேமண்ட் கைதட்டினார். அந்த இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. ஹேசலும் சிரிக்கவில்லை. அவர் வம்புக்குச் செய்யவில்லை. சமையலறையில் எதையும் கொட்டாத பழக்கம் அவருக்கு. திறந்த டப்பா தப்பு என்றால் டப்பாவைக் காலியாக்குவதுதான் கீழ்ப்படிவதற்கு வேகமான வழி என்று அந்தக் கணத்தில் தோன்றியது, அவ்வளவுதான்.

"நான் கீழ வைக்கச் சொன்னேன், நீங்க குடிச்சீங்க" என்றார் இளைஞர். பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "மேல என்னன்னு தகவல் வரும்."

அந்தத் 'தகவல்' வருமுன்பே ஹேசலுக்குத் தூக்கம் போய்விட்டது. வாசல் கதவின் தபால் துளை கிளிக்கென்றால் குளியலறையிலிருந்து ஓடிவருகிறார். பீட்சா விளம்பரம். பல் வைத்தியர் விளம்பரம். ஏமாற்றமாக இருக்கிறதா நிம்மதியாக இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. வாய் நாற்றத்துக்காக மென்ற புதினா மிட்டாய்களின் உறைகள் மேலங்கிப் பையில் சரசரக்கின்றன. இத்தனைக்கும் அந்த டப்பாவுக்குப் பிறகு அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

கேள்வி ஒன்றுதான். அது தண்டமா, குற்றமா?

"பார்க்கிங்குக்குப் போடுற மாதிரிதான். கட்டிட்டு மறந்துடு" என்று தொலைபேசியில் சொன்னார் ரேமண்ட்.

அதே ரயிலில் வரும் இவெட் வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்பவர். அவரிடமும் கேட்டார். "சும்மா குடிச்சதுக்கு ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா வேண்டாம்னு சொன்ன பிறகும் குடிச்சா? அது ரயில்வே விதியை மீறினதா ஆயிடுமோ என்னவோ. கோர்ட்டுக்குப் போனா அதுவும் குத்தம்தானே, ஹேசல்?"

"அப்போ நான் குற்றவாளியா?"

"நீ ஹேசல்டி."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல."

பார்க்கிங் தண்டம் வாங்கியவர் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம். குற்றம் செய்தவர் போட முடியுமா? பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் பெயரில் போலீஸ், கோர்ட் என்று எது வந்தாலும் பள்ளிக்கூடத்தில் உடனே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் மறைத்ததற்கே வேலை போகும். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் வேலையோடு மானமும் போகும். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையின் தட்டில் பட்டாணியை வைத்துவிட்டு, மறுபடியும் வைத்தார். "மிஸ், எனக்கு ஏற்கெனவே போட்டாச்சு" என்றது அது. ஹேசல் அந்தக் கரண்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியையின் அறைக் கதவைத் தட்டினார்.

"மிஸஸ் அடெயெமி."

அடெயெமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"பின்னே எதுக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க? கண்ணுன்னு கூப்பிடலைன்னா எனக்குப் பயமா இருக்கு, ஹேசல். உட்காருங்க."

ஹேசல் நின்றபடியே சொன்னார். ஹாக்னி டவுன்ஸ், எதிர் மேடை, இருக்கைத் துணி, டப்பா. பாதி வழியில் அடெயெமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கதை முடியும்போது அந்த உதட்டில் சிரிப்பு இல்லை.

"அவர் கீழ வைக்கச் சொன்னாரா?"

"சொன்னார்."

"நீங்க?"

"குடிச்சேன்."

"முழுசுமா?"

"பாதி வச்சா தப்புன்னு நினைச்சேன்."

அடெயெமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது குற்றத்துல சேருமா இல்லையான்னு எனக்குத் தெரியலை. எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு நான் பரவாயில்லன்னு சொல்ல முடியாது. மேலிடத்துல கேட்டுச் சொல்றேன். நாளைக்கு வேலைக்கு வாங்க."

"நாளைக்கு மட்டுமா?"

"நாளைக்கு வாங்க, ஹேசல்."

வெள்ளிக்கிழமை மீன். ஹேசல் வந்தார், பரிமாறினார், பெரிய தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அடெயெமி கூடத்தின் வாசல்வரை வந்து, தலையை மட்டும் இடவலமாக அசைத்துவிட்டுப் போனார். இன்னும் இல்லை என்று அர்த்தமா, இல்லவே இல்லை என்று அர்த்தமா என்று கேட்க ஹேசலுக்குத் துணிவில்லை.

மாலையில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரேமண்டும் இவெட்டும் அவரை நடுவில் விட்டு, காவலுக்கு அழைத்துப் போவதுபோல ரயிலேற்றினார்கள். ஏறுமுன் ஹேசல் பெட்டியின் மேல் எழுதியிருந்த ரயில் நிறுவனத்தின் பெயரைப் படித்தார். ஏறிய பிறகு இருக்கைத் துணியைத் தடவிப் பார்த்தார். ரயில் நகர்ந்ததும் ரேமண்ட் தன் பையிலிருந்து ஜின் டானிக் டப்பாவை எடுத்து அவர் முன் வைத்தார்.

"நம்ம ரயில்தான். இங்க எவனும் கேக்க மாட்டான். குடி."

"சிக்னல் மறுபடியும் கெட்டுப்போனா?"

"கெட்டுப்போனா நான் குடிச்சுக்கிறேன். இன்னிக்கு உள்ள போறது என் முறை."

இவெட் சிரித்தார். ஹேசல் டப்பாவை ஒரு விரலால் ரேமண்ட் பக்கமாகவே தள்ளிவிட்டார். ஹாக்னி டவுன்ஸ் வந்தது, ரயில் நின்றது, எதிர் மேடை காலியாக இருந்தது, ரயில் கிளம்பியது.

அப்போது பெட்டியின் கோடிக் கதவு திறந்து டிக்கெட் பரிசோதகர் உள்ளே வந்தார். ஒவ்வொருவரிடமும் குனிந்து வாங்கிப் பார்த்து, நன்றி சொல்லி, ஹேசலின் இருக்கைக்கு வந்தார்.

"டிக்கெட், மேடம்."

ஹேசல் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து அவர் முன் நீட்டினார். காலி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். பிறகு, அவர் ஒன்றும் கேட்காமலே, புறங்கைகளையும் திருப்பிக் காட்டினார்.