பத்துமலைப் படியில் வாய் தவறியது

டூர் வானுக்குள் ஏறியதும் முதலில் வந்தது, கறிக்குப் போடுகிற ரம்பை இலை வாசம்தான். டிரைவர் ஒரு கட்டு ரம்பையை சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். வெளியே கோலாலம்பூர் காலை ஒன்பது மணிக்கே புழுங்கியது. எனக்கு வயது இருபத்துமூன்று. கழுத்தில் கவரிங் தாலிக்கொடி. பக்கத்தில், மூன்று நாளுக்கு முன்புவரை நான் கண்ணாலும் கண்டிராத புருஷன்!

பதறாதீர்கள்... ஏஜென்சிக்காரர் செய்துவைத்த கல்யாணம்.

உங்களில் பலர் அப்படி நாடு நாடாக நின்று ரொறன்ரோ வந்து சேர்ந்தவர்கள்தானே, விளங்கும். யாரோ இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டில் எங்களைப் புதுமணத் தம்பதியாக்கி கனடாவுக்கு அனுப்புவது திட்டம். பிளைட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எங்களை ஒரு முழுநாள் டூரில் ஏற்றிவிட்டார்.

"ஏர்போட்டில என்ன பாத்தனீங்கள் எண்டு கேப்பாங்கள். பாக்காம என்னத்தைச் சொல்லுவியள்? வடிவாப் பாருங்கோ. ஆனா சொந்தப் பேர், ஊர் ஒண்டும் உங்களுக்குள்ள கதைக்கப்படாது. ஒராள் பிடிபட்டா மற்றாளைக் காட்டிக்குடுக்க வழி இருக்கக் கூடாது."

ஏ.எல். சோதனைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. சதுக்கத்தில் நின்ற பெரிய கொடிமரம்... பள்ளிவாசல் வாசலில் எனக்குப் போட்டுவிட்ட ஊதா நிற அங்கி... சீனக் கோயிலில் சுருள் சுருளாகத் தொங்கிய ஊதுபத்தி... இன்னும் கட்டி முடியாத இரட்டைக் கோபுரத்தின் உச்சியில் நின்ற கிரேன்கள்... எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்தேன். எத்தனை விதமான மனிதர்கள், எத்தனை பாஷைகள்! அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

எங்களோடு வந்தவர்கள் நான்கு வெள்ளைக்காரக் கிழவர்கள். கைடு ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், நாற்பது வயது இருக்கும். காலையில் எங்களைக் காட்டி, "நியூலி மேரிட்" என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்து கை தட்ட வைத்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

பத்துமலைப் படியில் பாதி ஏறியிருப்போம். ஒரு குரங்கு பாய்ந்து என் ஹாண்ட்பாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் அதற்குள்தான்.

"அண்ணை! அண்ணை, பாக்கைப் பிடியுங்கோ!"

வாய் தவறிவிட்டது. முன்னே போன கைடு சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தார். என் 'புருஷன்' குரங்கிடமிருந்து பாக்கைப் பறித்துத் தந்துவிட்டார், ஆனால் நான் பார்த்தது கைடின் முகத்தைத்தான். கைடு போலீசுக்கு ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேரும் அடுத்த பிளைட்டில் கொழும்புக்குத்தான்.

கைடு மெல்ல இறங்கி என் பக்கத்தில் வந்தார். அன்று முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"ஏம்மா, கட்டிக்கிட்டவர போய் அண்ணன்னு கூப்பிடுவாங்களா? ஏர்போர்ட்ல நம்ம தமிழாளுங்க நெறைய பேரு வேல செய்யறாங்கம்மா, காதுல விழுந்துடும். உங்க ஊர்ல புருஷன எப்படிக் கூப்பிடுவாங்க?"

"இஞ்சாருங்கோ எண்டு..."

"அப்ப அதையே சொல்லிப் பழகு."

அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி, கிழவர்களுக்குக் குகையைப் பற்றி இங்கிலீஷில் விளக்கப் போய்விட்டார்.

மத்தியானம் முழுக்க நான் "இஞ்சாருங்கோ" சொல்லிப் பழகினேன். இஞ்சாருங்கோ, தண்ணி. இஞ்சாருங்கோ, குடை. ஒவ்வொரு முறையும் வெட்கத்தில் செத்தேன். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"என்ரை மனிசிகூட என்னை ஒருநாளில இவ்வளவு தரம் கூப்பிட்டதில்லை" என்றார். பிறகு, "அங்கை போய்ச் சேர்ந்தாத்தான் அவளையும் பிள்ளையையும் கூப்பிட்டு எடுக்கலாம்" என்றார்.

அவரைப்பற்றி எனக்குத் தெரிந்தது அது மட்டும்தான்.

ஏர்போர்ட்டில் என்ன பார்த்தாய் என்று உண்மையாகவே கேட்டார்கள். கொடிமரத்தில் தொடங்கி ஒப்புவித்தேன். சீல் விழுந்தது. எனக்குப் பின்னால் அவர். அவருடைய பாஸ்போர்ட்டை அந்த அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அவரை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள்.

"இஞ்சாருங்கோ..."

அவர் திரும்பவில்லை. அதிகாரி என்னைக் காட்டி ஏதோ கேட்க, என்னை யாரென்றே தெரியாது என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு விளங்கியது. நடந்தேன்... நடந்துகொண்டே இருந்தேன். அன்று நின்றிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கனடா வந்து அவரைப்பற்றிக் கேட்டுப் பார்த்தேன், பிறகு ஏஜென்சிக்காரர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். எத்தனை வருஷம் மிசிசாகாவிலும் ஒஷாவாவிலும் கல்யாண வீடுகளில் அவர் வயது ஆண்களின் முகத்தைப் பார்த்திருப்பேன்!

போன வருஷம் என் கணவரோடும் மகளோடும் அதே நகரத்துக்குப் போனேன். ரொறன்ரோவில், ரூஜில் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே மகள் போனில் முழுநாள் டூர் புக் பண்ணிவிட்டாள். கோபுரங்கள் கட்டி முடிந்து மின்னுகின்றன. பத்துமலையில் முருகன் பொன் நிறத்தில் வானளாவ நிற்கிறார், படிகளுக்கெல்லாம் கலர் கலராகப் பெயின்ற். கனடா பாஸ்போர்ட்டில் படத்தைக்கூடப் பார்க்காமல் சீல் குத்தினார்கள். படியேறும்போது மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேரைச் சொல்லுங்கோ அம்மா. ஐ கேன் ஃபைண்ட் ஹிம், சீரியஸ்லி" என்றாள்.

எந்தப் பேரைச் சொல்ல? எனக்குத் தெரிந்தது வேறு யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில் இருந்த பேர்.

மேலே குகைக் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றோம். எங்கள் மூன்று பேருடைய பேரும் நட்சத்திரமும் சொன்னேன். ஐயர் தட்டோடு திரும்பப் போனார்.

"ஐயா, இன்னும் ஒராளுக்கு..."

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

"தெரியாதையா" என்றேன். "சாமி பேருக்கே செய்யுங்கோ."