மஞ்சள் தண்ணீர்க் கும்பா

போன வாரம் பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் கொடுக்கிறவன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். மருமகள் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி வாசலில் பரப்பிவிட்டாள். அதில் ஒரு பித்தளைக் கும்பாவும் இருந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல், உள்ளே பச்சைக் களிம்பு. அவன் அதைத் தராசில் வைக்கப் போனபோது நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். "இதுக்கு ஒரு டபரா செட்டே குடுப்பான்ம்மா" என்றாள் மருமகள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கும்பாவில் இருந்த தண்ணீரைக் குடித்துத்தான் ஒரு வெள்ளைக்காரி எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சீமைக்குக் கொண்டுபோனாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கும்பா என் அத்தையுடையது. அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணச் சீராகப் போன கும்பா, குழந்தை இல்லையென்று புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டபோது அத்தையோடு சேர்ந்து இண்டூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அத்தை எதிரே வந்தால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். அவள் அதைப் பார்த்தும் பாராததுபோல் நடந்துவிடுவாள்.

என் அம்மா நாலாவது பெண்ணைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். நான் மூத்தவள், எல்லாம் பார்த்திருக்கிறேன். "தாயை முழுங்கிட்டுப் பொறந்தது" என்று பங்காளி வீட்டுப் பெண்கள் அந்தச் சிசுவைத் தொடவே பயந்தார்கள். தருமபுரியில் மிஷன் ஆஸ்பத்திரி வைத்திருந்த வெள்ளைக்கார டாக்டரின் மனைவிதான் டப்பாப் பால் கரைத்து ஊட்டி அதைப் பிழைக்க வைத்தாள். துரைசாணியம்மா என்போம். அவள் பெற்ற ஒரே பிள்ளையை அந்த ஆஸ்பத்திரி வளாகத்தில்தான் புதைத்திருந்தார்கள். குழந்தை கழுத்து நின்றதும் அவளே கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தாள்.

அதன்பிறகு அத்தை வேறு ஆளாகிவிட்டாள். களத்தில் கேழ்வரகு புடைக்கும்போதும் பிள்ளை இடுப்பில் இருக்கும். பேச்சு வந்ததும் அது அவளை "ஆத்தா" என்றது. "அத்தைன்னு சொல்லுடி" என்று நாங்கள் திருத்துவோம். "சின்னப் புள்ள, இன்னும் வாய் திரும்பல, வுடுங்க" என்பாள் அத்தை. மற்ற வார்த்தைக்கெல்லாம் அந்த வாய் நன்றாகவே திரும்பியது.

பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த சமயம் டாக்டரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊழியம் முடிந்து ஒரேயடியாகத் தங்கள் தேசத்துக்குப் போகிறார்கள்; பிள்ளையைத் தங்கள் மகளாகவே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார்கள். துரைசாணியம்மா புத்தகத்தில் தமிழ் படித்தவள். "நான் இந்தக் குழந்தையை மிகவும் நேசிக்கிறேன்" என்றபோது எங்களுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பெண்களைக் கரையேற்ற வேண்டிய மனுஷர். தலையை ஆட்டிவிட்டார்.

"முடியாது" என்று அத்தையால் சொல்ல முடியவில்லை. தின்பது அண்ணன் சோறு. பிள்ளையைப் பிழைக்க வைத்ததோ கேட்டு வந்தவளின் கை. எந்த வாயால் மறுப்பாள்? அதனால் வேறு வழி கண்டுபிடித்தாள்.

"எங்க வழக்கம் ஒண்ணு இருக்குதுங்கம்மா. புள்ளய எடுக்கறவங்க, புள்ள காலக் கழுவுன மஞ்சத்தண்ணியக் குடிக்கணும். குடிச்சாத்தான் புள்ள அவங்குளுது. அப்பறம் பொறந்த வூட்டுக்குப் பேச்சில்ல. குடிக்கலன்னா குடுக்கக் கூடாதுங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் தத்து எடுப்பது அப்படித்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீரையே காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிற துரைசாணியிடம் அதைச் சொன்னால் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள் என்று அத்தை கணக்குப் போட்டாள். துரைசாணியம்மா யோசிக்கவே இல்லை. "எப்பொழுது?" என்று மட்டும் கேட்டாள்.

குறித்த நாளன்று காலையிலிருந்தே அத்தை பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் விளையாட விட்டாள். சாணியும் மூத்திரமும் மிதித்து முழங்கால்வரை அப்பியிருந்தது. நான் கழுவித் தூக்கப் போனேன். "வுடுடி, அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். பங்காளிகள் கூடியபின் பிள்ளையைப் பலகையில் நிற்க வைத்து, இந்தக் கும்பாவைக் காலடியில் பிடித்து மஞ்சள் நீரை ஊற்றினாள். விழுந்த தண்ணீரில் மஞ்சள் நிறமே இல்லை. வைக்கோல் துணுக்கு மிதந்தது. அத்தை அதை இரண்டு கையாலும் நீட்டியபோது அவள் முகத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. எனக்குத் தெரியும்.

துரைசாணியம்மா கும்பாவை வாங்கினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு வாய் வைத்தே குடித்தாள், சடங்குக்கு ஒரு சொட்டு அல்ல, மடக் மடக்கென்று. உதட்டைத் துடைக்கவும் இல்லை. "இப்பொழுது இவள் என் மகள்" என்று பிள்ளையை அந்தச் சாணிக் காலோடு தூக்கித் தன் வெள்ளைக் கவுனில் அணைத்துக்கொண்டாள். அவளை வெறுக்கக்கூட எங்களுக்கு அவள் இடம் வைக்கவில்லை. அத்தை கும்பாவை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. "மிச்சத் தண்ணிய என்ன பண்ணுன அத்தே?" என்றேன். "செடிக்கு ஊத்திட்டேன்" என்றாள்.

குடித்த தண்ணீர் எங்களுக்குப் போதும், சர்க்காருக்குப் போதாது. சேலம் கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும், மெட்ராஸிலிருந்து பாஸ்போர்ட் வர வேண்டும், அம்மை குத்த வேண்டும், போட்டோ பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் இழுக்க இழுக்க அத்தைக்கு உயிர் வந்தது. காகிதம் வரக் கூடாது என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சேலத்துக்குத் தானும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தாள். அங்கே வக்கீல் அவளைப் பார்த்து, "புள்ளைக்கு நீ என்ன வேணும்?" என்றார்.

"அத்தைங்க. வளத்தவங்க."

"அப்ப உனக்கு இதுல பேச்சில்ல. வெளிய இரு."

தன் வாயால் துரைசாணியிடம் சொன்ன அதே வார்த்தை. அப்பா பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைக்கும்வரை அத்தை வாசல் மரத்தடியில் நின்றாள். அம்மன் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காகிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

தருமபுரி ஸ்டேஷனில் அப்போது சின்ன ரயில். மொரப்பூர் போய் அங்கே மெட்ராஸ் வண்டி ஏற வேண்டும், அப்புறம் கப்பல். பிள்ளைக்குக் கவுனும் காலுறையும் பூட்ஸும் போட்டிருந்தார்கள். அத்தை அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்ததும் பிள்ளைக்கு விஷயம் புரிந்து, "ஆத்தா, ஆத்தா" என்று ஜன்னலில் எகிறியது. தொட்டிலில் ஆட்டுவதுபோல் அணைத்து, "இதோ இருக்கிறேன், இதோ இருக்கிறேன்" என்றாள் துரைசாணியம்மா. அத்தை பதில் குரல் கொடுக்கவில்லை. கொடுக்கும் உரிமை அவளுக்கு இல்லையாம். என்ன வழக்கம், என்ன கோர்ட்டு!

ஒரு போட்டோ வந்தது. முழங்கால்வரை பனியில் புதைந்து கம்பளிக்குள் நிற்கிற ஒரு பெண் குழந்தை. "காலக் காணமே" என்றாள் அத்தை. பிறகு யுத்தம் வந்தது. கடலில் கப்பல்கள் மூழ்குவதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். கடுதாசி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கொண்டுபோன ரயில் ஒருநாள் கொண்டுவரும் என்று அத்தை நம்பியிருக்க வேண்டும். சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஸ்டேஷன் பக்கம் ஒரு நடை போய்வருவாள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவள் சந்தைக்கும் போகவில்லை.

யுத்தம் முடிந்தும் தகவல் இல்லை. அடுத்து வந்த பஞ்ச காலத்தில் ஒரு காய்ச்சலில் அத்தை படுத்தாள். எனக்கு அதற்குள் கல்யாணமாகி, கைப்பிள்ளையோடு பார்க்கப் போயிருந்தேன். தலைமாட்டில் இந்தக் கும்பா இருந்தது. கஞ்சியை அதில் ஊற்றப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செடிக்கு ஊத்தலடி. அன்னிக்கு மிச்சத்த நாந்தான் குடிச்சேன். அடிமண்டி வரைக்கும் குடிச்சேன். அவ குடிச்சா புள்ள அவளுது. நானுந்தான குடிச்சேன். அப்ப அது எனக்கு யாரு?"

கஞ்சியை வேறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் போய்விட்டாள். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாதவள் என்று பங்காளிப் பையன் ஒருவனைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள்.

பாத்திரக்காரன் இன்னும் தராசோடு வாசலில் நின்றிருந்தான். "குடுத்துடுங்கம்மா, ஓட்டக் கும்பா, ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றான். "ஓட்டை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப் போய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். களிம்பு போய்விட்டது. அதில் தண்ணீர் ஊற்ற மட்டும் எனக்குக் கை வரவில்லை, கவிழ்த்து வைத்துவிட்டேன்.