அத்தை மேடையேறிய மாலை

எங்கள் ஊரில் என் அத்தையின் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள் அதிகம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் போடும் பந்தலில் உட்கார்ந்து, கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைப் பற்றி மைக்கில் அறிவிப்பவர் அவர்தான். அப்பாவின் தங்கை. மற்ற நாட்களில் துணிக்கடையில் வேலை. பந்தலில் அறிவிக்க வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்வார்கள், ஊரைச் சொல்வார்கள், அவ்வளவுதான். அத்தையோ, "சிவப்பு கவுன் போட்ட பாப்பா, ஒரு கால்ல மட்டும்தான் கொலுசு" என்பார். நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் குனிந்து, பக்கத்தில் வரும் குழந்தைகளின் கால்களைப் பார்ப்பார்கள். ஒரே ஒரு வரியில் ஒரு சாலை முழுவதையும் குனிய வைத்தவரை அதன்பிறகு நான் பார்த்ததில்லை. ஒருவரைத் தவிர. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தேர்தல் நெருங்கிய சமயம் அது. ஒரு கட்சியின் நகரச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, போட்ட நாற்காலியில் உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னார்.

"தலைவர் நம்ம ஊருக்கு வராரும்மா. அவரு வர்றதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் நீ பேசணும். உன் குரலக் கேட்டா கூட்டம் நவுராது."

அப்பாவுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. "பொம்பளப் புள்ள தனியா மேடையில போய் உக்காந்தா ஊரு இன்னா பேசும்?" என்றார். அத்தை விடவில்லை. இன்றைக்குப் பெரிய தலைவர்களாக இருப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் பத்து நிமிஷம் பேசத் தொடங்கியவர்கள்தானே என்று வாதாடினார். கடைசியில், துணைக்கு ஆள் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா இறங்கி வந்தார். அப்படித் துணையாகப் போனது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஒரு வாரம் மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. யாரோ எழுதிக் கொடுத்த நான்கு பக்கப் பேச்சு. எல்லாம் அடுக்குமொழி. 'பாராண்ட', 'சீராண்ட' என்று வரும். அத்தை மலையைப் பார்த்து நின்று பேசுவார். நான் தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்து, நிறுத்தும் இடத்தில் எல்லாம் கை தட்டுவேன். கை தட்டும் இடங்களைத் தாளில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தோம்.

கூட்டம் மூன்று மணிக்கு என்றார்கள். ஊருக்கு வெளியே ஒரு மைதானம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவ்வளவு மனிதர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் கார்த்திகை தீபத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வெயில் தலையைப் பிளந்தது. மூன்று நாலாயிற்று, நாலு நாலரை ஆயிற்று. தலைவர் வரவில்லை. மேடையில் ஒவ்வொருவராகப் பேசித் தீர்த்தார்கள். நாலரை மணிக்கு அத்தையைக் கூப்பிட்டார்கள். நான் மேடைக்கு ஏறும் படியில், அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை தாளைப் பிரித்துப் படித்தார். குறித்து வைத்த முதல் இடம் வந்தது. யாரும் கை தட்டவில்லை. இரண்டாவது இடத்தில் நான் மட்டும் தட்டினேன். ஜனங்கள் விசிறிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அத்தையின் குரல், அந்தக் குரல், கம்மிப்போய் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக ஒலித்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் இடது பக்கச் சாலையில், கொடி கட்டிய ஒரு வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியது. யாரோ, "வந்துட்டாரு!" என்று கத்தினார்கள்.

உட்கார்ந்திருந்த மைதானம் அப்படியே எழுந்தது. எல்லாரும் இடது பக்கம் பாய்ந்தார்கள். தடுப்புக்குக் கட்டியிருந்த சவுக்குக் கட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. முன் வரிசையில் இருந்த பெண்கள் விழுந்தார்கள். விழுந்தவர்கள்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, "அமைதி! அமைதி!" என்று கத்தினார்கள். அது யார் காதிலும் விழவில்லை.

அத்தை கையிலிருந்த தாளைக் கீழே போட்டார்.

"வந்தது தலைவர் வண்டி இல்லைங்க. தண்ணி வண்டி. நான் மேலருந்து பாக்கறேன். தண்ணி வண்டிதான்."

அவர் கத்தவில்லை. பௌர்ணமிப் பந்தலில் பேசுகிற அதே நிதானம்.

"நீலச் சட்ட போட்ட அண்ணா, உங்களத்தான் சொல்றேன். அப்படியே நில்லுங்க. உங்க காலுகிட்ட ஒரு அம்மா விழுந்து கெடக்காங்க. குனிஞ்சு கை குடுங்க."

அந்த மைதானத்தில் நீலச் சட்டைக்காரர்கள் நூறு பேராவது இருந்திருப்பார்கள். நூறு பேரும் நின்றார்கள். நூறு பேரும் குனிந்து காலடியைப் பார்த்தார்கள்.

"கடைசியில நிக்கறவங்க ரெண்டே ரெண்டு அடி பின்னால வைங்க. கொழந்தைய வெச்சிருக்கறவங்க தூக்கி தோள்ல போட்டுக்கங்க. மஞ்சப் புடவ கட்டன அக்கா, நீங்க உக்காருங்க. உங்கள பாத்து எல்லாரும் உக்காருவாங்க."

மஞ்சள் புடவைகள் உட்கார்ந்தன. அவர்களைச் சுற்றி இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காற்றில் சாய்கிற நெற்பயிர் மாதிரி, கண்ணுக்கு எட்டிய வரை ஜனங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? யாருடைய உயிரும் போகவில்லை. கை முறிந்த ஒரு அம்மாவை மட்டும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அத்தை மைக்கை விட்டு வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

தலைவர் ஐந்தரைக்கு வந்தார். அவர் மைக் முன்னால் நின்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"நீங்க இவ்ளோ நேரம் வெயில்ல தண்ணிக்குத் தவிச்சுக் கெடந்தீங்க. நான் மட்டும் எப்படிக் குடிப்பேன்?"

பாட்டிலை மூடிக் கீழே வைத்தார்.

அந்த ஓசையை எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கானவர்களின் தொண்டையிலிருந்து ஒரே சமயத்தில் ஒரு கேவல் எழுந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு தலைவர் அத்தையின் பெயரைச் சொல்லி, "இந்த என் தங்கச்சி இருக்கற வரைக்கும் நம்ம கூட்டத்துக்கு எந்தக் கேடும் வராது" என்றார். மைதானம் அதிர்ந்தது. அத்தை அழுதார், நானும் அழுதேன். மனிதர்கள் ஏன் ஒரு மனிதரின் பின்னால் போகிறார்கள் என்பது அன்றைக்கே எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஆட்டோவில் வரும்போது, அத்தையை இன்னும் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு செய்தி இருந்தது. மேடைக்குப் பின்னால் செருப்புத் தேடும்போது, நகரச் செயலாளர் இன்னொருவரிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்திருந்தது.

"அத்த, உனக்குத் தெரியுமா? தலைவர் நம்ம ஊருக்கு ரெண்டு மணிக்கே வந்துட்டாராம்! பைபாஸ்ல இருக்கற லாட்ஜ்ல ஏசி ரூம்ல படுத்துத் தூங்கனாராம். கூட்டம் நல்லா சேரட்டும்னு கட்சிக்காரங்கதான் இருக்கச் சொன்னாங்களாம்."

தலைவர் எங்கள் ஊரில் தூங்கி எழுந்தார் என்பது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"எத்தன மணிக்குன்னு சொன்னாரு?" என்றார் அத்தை.

"ரெண்டு மணிக்கு."

சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டார். அதையே மறுபடியும் சொன்னேன். வீடு வர இரண்டு தெரு இருக்கும்போது, "அண்ணா, ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.

கை முறிந்த அம்மா பெண்கள் வார்டில் படுத்திருந்தார். கையில் மாவுக்கட்டு. அத்தையின் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"மைக்ல பேசன பொண்ணுதான நீ? தலைவரு வந்தாராம்மா? இன்னா பேசனாரு? எனக்குக் கேக்கக் குடுத்து வெக்கலியே."

அத்தை போர்வையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். ஆகவே நான் சொன்னேன். அவர் நின்ற மாதிரி நின்று, அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அப்படியே பேசிக் காட்டினேன். வார்டே எட்டிப் பார்த்தது. அந்த அம்மா நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தங்கமான மனுசன்" என்றார். என் முதல் மேடையில் நான் வென்றுவிட்டேன். பெருமையோடு திரும்பிப் பார்த்தால், அத்தை அங்கே இல்லை. வெளியே தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

அடுத்த வாரம் நகரச் செயலாளர் மகளிர் அணியில் ஒரு பதவியோடு வந்தார். தொண்டை சரியில்லை, இனிமேல் மேடையில் பேச முடியாது என்று அத்தை சொன்னார். "பொய்! காலையில கூட நல்லாதான் பேசனாங்க" என்று நான் குறுக்கிட்டேன். அப்பா அதட்டினார். அவ்வளவு பெரிய மனிதர் பெயர் சொல்லி அழைத்தும் போகாத ஒருத்தியோடு என்ன பேச்சு என்று, இரண்டு நாள் நான் அத்தையிடம் முகம் கொடுக்கவில்லை.